முப்பது என்று சொன்னவள்

சனிக்கிழமை காலை ரேவதி சைக்கிளில் வந்தாள். பதினோராம் வகுப்பு முடித்திருக்கும் பெண். பேருந்து நிறுத்தத்தில் உன்னோடு கொய்யாக்காய் பங்கு போட்டுத் தின்பாளே, அவள்தான். "அக்கா, உங்க பைத்தான் ரெக்கார்டு குடுங்க. உங்களோடதப் பாத்துத்தான் எழுதோணும்னு மிஸ் சொன்னாங்க" என்றாள். அந்தக் கணினிச் செய்முறை நோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். பழுப்பு அட்டையும் கோந்தும் கலந்த அந்த வாசனை இன்னும் போகவில்லை. கொடுப்பதற்கு முன் முதல் பயிற்சியைத் திறந்து பார்த்தேன். வலப் பக்கம் நிரல். இடப் பக்கம், கோடில்லாத தாளில், வெளியீடு: முதல் எண் 10, இரண்டாம் எண் 20, கூட்டுத்தொகை 30. அடியில் ஸ்கேல் வைத்துப் போட்ட இரண்டு கோடுகள். ஓரத்தில் மிஸ்ஸின் சிவப்புக் கையெழுத்து.

வலப் பக்கத்தில் இருக்கும் நிரலை ஓட்டினால் இடப் பக்கத்தில் இருக்கும் முப்பது வராது. அதை முதலில் பார்த்தவர்கள் நீயும் நானும்.

"ரெண்டு நாள் கழிச்சு வா ரேவதி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போனது. நான் தர மனமில்லாமல் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். அன்று முழுவதும் எதுவும் ஓடவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்லாமலே விட்டவள் நான். இப்போது எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதம் உனக்கு நினைவிருக்கும். லேப்பில் பன்னிரண்டு கணினிகள், அவற்றில் ஒன்பதுதான் உயிரோடு இருந்தன. மூன்றாவது கணினி நமக்கு. நீ தட்டச்சு செய்வாய், நான் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பேன். அப்படி ஏற்பாடு செய்துகொண்டது நான்தான். எனக்குத் தட்டச்சு செய்யப் பயம் என்று உன்னிடம் சொன்னதில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் பிழை வந்தால் எனக்குக் காது சூடாகிவிடும். உனக்கோ அது வந்தால்தான் குஷி. வேண்டுமென்றே அடைப்புக்குறியை மூடாமல் விடுவாய். "தப்பு வந்தா வரட்டும் புள்ள, என்ன சொல்லுதுன்னு படி" என்பாய்.

நிரலில் 'மாறி' என்றால் என்ன என்று மிஸ் பெட்டியை உதாரணம் காட்டினார்கள். பெட்டிக்குப் பெயர் உண்டு, உள்ளே இருப்பது மாறும் என்றார்கள். நீ மெதுவாக என் காதில், "பெட்டி எதுக்கு? லாரின்னு சொன்னா போச்சு. லாரி பேரு மாறாது, லோடு மாறும்" என்றாய். உன் அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்கு வேலைக்கு வந்ததால்தான் நீங்கள் சேலத்தை விட்டு எங்கள் பக்கம் வந்தீர்கள். உனக்கு எல்லா உதாரணமும் அந்தப் பட்டறையிலிருந்தே வரும். நான் சிரித்துவிட்டு, புத்தகத்தில் இருந்த பெட்டி உதாரணத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன். தேர்வில் லாரி என்று எழுத முடியாதே என்று நினைத்தேன்.

ஜூலையில் லேப்பின் யுபிஎஸ் பேட்டரி படுத்துவிட்டது. சரியாகும் வரை ரெக்கார்டையாவது முடித்து வைப்போம் என்றார்கள் மிஸ். முந்தைய வருடத்து அக்கா ஒருத்தியின் ரெக்கார்டை என்னிடம் கொடுத்து, "நீ மொதல்ல எழுது. உன் கையெழுத்து நல்லாருக்கும். உன்னதப் பாத்து மத்தவங்க எழுதட்டும்" என்றார்கள். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? எங்கள் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப் போய் அதைச் சொன்னேன். இரண்டு நாளில் எழுதி முடித்தேன். மிஸ் அதை வகுப்பில் உயர்த்திக் காட்டி, "இதுதான் மாடல். ஒரு புள்ளி மாறக் கூடாது" என்றார்கள். நாற்பது பேரும் அதைப் பார்த்து எழுதினீர்கள். வெளியீட்டையும்தான். நிரலை ஒருமுறைகூட ஓட்டாமலே வெளியீட்டை எழுதுவதில் எங்கள் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. வருடா வருடம் அப்படித்தான் நடக்கிறது.

நீ மட்டும் வெளியீட்டை எழுதவில்லை. நிரலை எழுதிவிட்டு இடப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தாய். "ஏன் புள்ள?" என்றேன். "ஓட்டிப் பாக்காம எப்படி எழுதறது? எங்கப்பா வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்காம ஓனர்கிட்ட சாவி குடுக்க மாட்டாரு" என்றாய்.

பேட்டரி வந்தது. லேப் திறந்தது. அன்று பாதி வகுப்பு விளையாட்டு விழாப் பயிற்சிக்குப் போயிருந்தது, மீதிப் பேர் ரெக்கார்டை எழுதி முடிப்பதில் இருந்தார்கள். மூன்றாவது கணினியில் நீ முதல் பயிற்சியைத் தட்டினாய். பத்து கொடுத்தாய். இருபது கொடுத்தாய். திரையில் 1020 என்று வந்தது.

நான் உன் தட்டச்சில் பிழை என்றேன். மறுபடி தட்டினாய். மறுபடி 1020. நீ சிரித்தாய். எண்களுக்குப் பதிலாக உன் பெயரையும் என் பெயரையும் கொடுத்தாய். இரண்டு பெயர்களும் ஒட்டிக்கொண்டு ஒரே பெயராக வந்தன. அப்போது உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்ட முகம்.

"புள்ள, இது எண்ணுன்னு நாம அதுகிட்டச் சொல்லவே இல்ல. அது எழுத்துன்னு நெனச்சுட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருச்சு. எண்ணுன்னு சொல்றதுக்கு ஏதோ ஒண்ணு போடோணும். நீ பாத்து எழுதின அந்த அக்கா ரெக்கார்டுல இருந்துச்சா?"

மாலையில் வீட்டில் பார்த்தேன். இருந்தது. எண்களை வாங்கும் இரண்டு வரிகளிலும், இது எண் என்று கணினிக்குச் சொல்லும் 'இன்ட்' என்ற சொல்லை அந்த அக்கா முதலில் மறந்து, பிறகு வரிக்கு மேலே பொடி எழுத்தில் சேர்த்திருந்தாள். நான் அதைக் கிறுக்கல் என்று நினைத்து, பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். நாற்பது ரெக்கார்டில் இருந்த தப்பு என்னுடையது.

மறுநாள் உன்னிடம் அதை ஒப்புக்கொண்டேன். அதையாவது செய்தேன். "அப்ப மிஸ்கிட்டச் சொல்லிரலாம். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாய். "நானே சொல்றேன்" என்றேன். நீ தலையாட்டினாய். ஒரு வாரம் போனது. காலையில் லேப் வாசலில் ஷூவைக் கழற்றும்போது நீ என்னைப் பார்ப்பாய். நான் ஷூ லேஸை அவிழ்ப்பதில் மும்முரமாக இருப்பேன். நாற்பது பேர் மையால் எழுதியதைக் கிழித்து மறுபடி எழுத வேண்டும், எல்லாரும் என்னைத்தான் திட்டுவார்கள், மாடல் என்று உயர்த்திக் காட்டிய மிஸ் என்ன நினைப்பார்கள்? இதையெல்லாம் நினைத்து நினைத்து ஒவ்வொரு நாளையும் அடுத்த நாளைக்குத் தள்ளினேன்.

எட்டாம் நாள் மிஸ் கையெழுத்துப் போட ரெக்கார்டுகளை வாங்கினார்கள். உன்னுடையதைத் திறந்ததும் பேனா நின்றது.

"எந்திரி. பத்தும் இருபதும் எத்தனடி?"

"முப்பதுங்க மிஸ்."

"அப்ப இங்க என்ன எழுதி வெச்சிருக்கே? ஆயிரத்து இருபதா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நீ அசையாமல் நின்றாய். "ஸ்கிரீன்ல அப்படித்தானுங்க மிஸ் வந்துச்சு. வந்தத எழுதினேன்."

"கேலி பண்றியா? உன் பக்கத்துல உக்காந்தவதானே மாடலே எழுதினா?" மிஸ் என் பக்கம் திரும்பினார்கள். "நீ சொல்லு. உங்க சிஸ்டத்துல என்ன வந்துச்சு?"

எழுந்து நின்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை. எனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் பார்க்காமல் இருந்தாய் என்று இப்போது தோன்றுகிறது.

"முப்பதுங்க மிஸ்" என்றேன்.

உன் பக்கத்தில் சிவப்பு மையால் குறுக்காக ஒரு கோடு விழுந்தது. ரெக்கார்டு முழுவதையும் புதிதாக எழுதி வரச் சொன்னார்கள். நீ "சரிங்க மிஸ்" என்று உட்கார்ந்தாய். அன்றிலிருந்து உன் பெயர் ஆயிரத்து இருபது. "ஏ ஆயிரத்து இருபது, ரெண்டு இட்லியும் மூணு இட்லியும் எத்தன? இருவத்தி மூணா?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பார்கள். "ஆமா, பசி ஜாஸ்தி. உன்னோடதையும் எடு" என்று அவர்கள் டப்பாவில் கைவைப்பாய். நானும் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். என்னால் வந்த பெயருக்கு நானும் சிரித்தேன்.

நீ இடம் மாறி உட்காரவில்லை. கோபப்படவில்லை. ஒரே ஒரு தடவை, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, கொல்லிமலைப் பக்கம் மழை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, "நீ சொல்லிருவேன்னு நெனச்சேன் புள்ள" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் பேருந்து வந்துவிட்டது. வந்ததே என்று நிம்மதியாக ஏறினேன்.

இன்னொன்றும் உண்டு. ஒரு மாதம் கழித்து, விளையாட்டு விழா முடிந்ததும், மற்றவர்களும் அந்த நிரலை ஓட்டினார்கள். எல்லாத் திரையிலும் 1020. மிஸ் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு எடத்துலயும் இன்ட் சேத்துக்கங்க. எழுதறப்ப விட்டுப் போச்சு" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்ட ரெக்கார்டுகளை யாரும் திருத்தவில்லை. முதலில் சொன்னது நீ என்று ஒருவரும் பேசவில்லை. உன் பட்டப்பெயரும் போகவில்லை. நீ என் பக்கம் திரும்பி லேசாகப் புருவத்தை உயர்த்தினாய். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். தப்பித்தோம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

தீபாவளி முடிந்த மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு சேலம் பெரியாஸ்பத்திரி என்றார்கள். பார்க்கப் போன நான்கு பேர் என்னையும் கூப்பிட்டார்கள். மாதத் தேர்வு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தேர்வு இருந்தது உண்மை. ஆனால் உன் படுக்கைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வேண்டி வந்தால் என்ன பேசுவது என்ற பயம்தான் பெரிய காரணம். ஆறாம் நாள் நீ இல்லை.

பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எழுதி வாசிக்க என்னைத்தான் கேட்டார்கள். நன்றாகவே எழுதினேன். அன்பு, அடக்கம், உழைப்பு என்று ஒரு பக்கம். எல்லாரும் அழுதார்கள். மூன்றாவது கணினியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வகுப்புப் பெண்கள் ஒரு பெரிய சார்ட்டில் பூ ஒட்டி, 'எங்கள் 1020, உன்னை மறக்க மாட்டோம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். கேலியாக இல்லை, பாசமாகத்தான் எழுதினார்கள். உன் அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"நீதானே சாமி எப்பவும் அவ பக்கத்துல உக்காருவ? இந்த நம்பரு என்னது?"

"ரோல் நம்பருங்கம்மா" என்றேன்.

யோசிக்காமலே வந்துவிட்டது. இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட எளிதாக இருந்தது. அதற்காகத்தான் எனக்கு அதிகம் கூச்சமாக இருக்கிறது.

ரேவதி வருவதற்கு நான்கு நாள் முன்பு உன் அம்மா போன் செய்தார்கள். மண் இறுகிவிட்டதாம், கல்லறையைச் சிமெண்டில் கட்டுகிறார்களாம். பெயர்ப் பலகையை உன் அப்பாவே தகட்டில் வெட்டுகிறாராம். "அவ ரோல் நம்பரையும் போடலாம்னு அப்பா சொல்றாரு. கூடப் படிச்ச புள்ளைங்க வந்தா சந்தோசப்படும்ல? ஆயிரத்து இருபதுதானே சாமி, சரியாச் சொல்லு" என்றார்கள். "பாத்துச் சொல்றேனுங்கம்மா" என்று வைத்துவிட்டேன். பார்க்க என்ன இருக்கிறது? வகுப்பு உன்னைக் கேலி செய்த பெயர் என் பொய்யால் உன் தலைமாட்டில் ஏறப் போகிறது. அதைத் தெரிந்துகொண்டே நான்கு நாள் சும்மா இருந்தேன். ரேவதி வந்து நின்ற பிறகுதான் இனி தள்ள முடியாது என்று புரிந்தது.

திங்கட்கிழமை ரெக்கார்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பாதி கட்டிய லாரி ஒன்றின் அடியிலிருந்து உன் அப்பா வெளியே வந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார். "வா சாமி. நம்பர் கொண்டாந்தியா?" என்று கையைத் துடைத்தார்.

"அது ரோல் நம்பர் இல்லீங்கப்பா" என்று ஆரம்பித்தேன். பிறகு எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முன்பின்னாகச் சொன்னேன். அவருக்குக் கணக்கு புரியவில்லை. அளவு குறிக்க வைத்திருந்த சாக்கட்டியை எடுத்து, லாரியின் பக்கப் பலகையில் 10 என்றும், ஒட்டி 20 என்றும் எழுதிக் காட்டினேன்.

"ரெண்டு பலகைய சேத்து ஒண்ணா அடிச்ச மாதிரி?"

"ஆமாங்க."

"அப்ப எம்புள்ள எழுதினது சரி."

"சரிங்க. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் சாக்கட்டி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தவரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பட்டறை அமைதியானது. "அன்னைக்கு ஊட்ல உக்காந்து முழு நோட்டையும் திரும்ப எழுதுச்சு. என்னன்னு கேட்டேன். தப்பா எழுதிட்டேன்ப்பான்னு சொல்லுச்சு. படிக்கறதுல கவனமில்லாம எங்க பராக்குப் பாக்கறேன்னு நானும் ஏசிப் போட்டேன்" என்றார். "உம் பேரச் சொல்லவே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அவர் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. "அம்மாகிட்டயும் நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. உன் அம்மா நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்கள். கதவருகில் நின்ற உன் அப்பா, "அவ சொன்னது சரின்னு தெரிஞ்சு போச்சுல்ல. அந்த நம்பரையே போட்டா என்ன?" என்றார்.

"தெரிஞ்சது நம்ம மூணு பேருக்கு. அத வெச்சு சிரிச்சவங்களுக்கு யாரு சொல்றது?" என்றார்கள் அம்மா. "பேரு போதும்."

பிறகு உள்ளே போய், சிவப்புக் கோடு விழுந்த உன் பழைய ரெக்கார்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்கள். "இத நீ வெச்சுக்க" என்றார்கள். மன்னித்தார்களா என்று தெரியவில்லை. கேட்கும் தைரியமும் இல்லை.

இன்று காலை பள்ளிக்குப் போனேன். அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு நடக்கிறது. லேப் வாசலில் மிஸ்ஸிடம் சொன்னேன். "அடுத்த மாசமே எனக்கும் புரிஞ்சுதும்மா. அவளத் தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும். பாடம் முடிக்கற அவசரத்துல விட்டுட்டேன்" என்றார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "உள்ள வந்து புள்ளைங்ககிட்டச் சொல்லு" என்றார்கள்.

ரேவதியை மூன்றாவது கணினியில் உட்கார வைத்து என் ரெக்கார்டில் இருக்கிறபடியே தட்டச் சொன்னேன். 1020 வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்து, அதை முதலில் பார்த்தவள் யார், வந்ததை வந்தபடி எழுதியவள் யார், முப்பது என்று சொன்னவள் யார் என்று சொன்னேன். உன் முழுப் பெயரையும் சொன்னேன். அதையே நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் எழுதிப் போட்டேன். "விடு புள்ள, இப்ப எதுக்கு" என்று ஒருத்தி. பாதிப் பேர் பார்த்துவிட்டு எதுவும் எழுதவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உன்னை அதிகம் சீண்டிய ஒருத்தி மட்டும் போன் செய்து, பேச முடியாமல் வைத்துவிட்டாள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதை உன்னிடம் சொல்கிறேன்.

உன் அம்மா கொடுத்த ரெக்கார்டை நேற்றுத்தான் முதன்முதலாக நிதானமாகப் பார்த்தேன். நிரலெல்லாம் நீல மை. அந்த 1020 மட்டும் கறுப்பு. நீ கறுப்புப் பேனா வைத்துக்கொண்டதே இல்லை. நம் வகுப்பில் வெளியீட்டுக்கென்று தனியாகக் கறுப்பு மை வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அப்போது நினைவு வந்தது. எட்டாம் நாள் காலை, மணி அடிப்பதற்கு முன், நீ என்னிடம் கை நீட்டி, "உம் பேனாவக் கொஞ்சம் குடு" என்றாய். உன் ரெக்கார்டு மேசையில் திறந்திருந்தது. இடப் பக்கம் அதுவரை காலியாக இருந்தது. எட்டு நாளும் எனக்காகவே அதைக் காலியாக வைத்திருந்திருக்கிறாய். பேனாவை வாங்கிய பிறகும் உடனே எழுதாமல், மூடியைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

நீ எதை எழுதப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். "இரு, நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்று எழுந்திருந்தால் போதும். மிஸ்ஸின் அறை பத்தடியில் இருந்தது.

நான் பையைத் திறந்து எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது நீ எழுதி முடித்திருந்தாய். பேனாவைத் துடைத்து, மூடி போட்டு, என் பக்கம் வைத்திருந்தாய்.